ஒற்றைச் சடையும் கேள்விக்குறி அட்டையும்

மே 13, 2025, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். மதுரையே வைகைக் கரையில் நின்றது. நாங்கள் வீட்டில் இருந்தோம். தெருவில் வேட்டுச் சத்தம் ஓயவில்லை. போன வருஷம் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிய மகள், இந்த முறை “வெடி வரும், பாப்பா ஹெட்போன்” என்று தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். காலண்டரில் நாளைக் காட்டி முன்பிருந்தே சொல்லி வந்ததன் பலன் இது. ஆட்டிசம் உள்ள என் மகளுக்குச் சத்தம் வலிக்கும். சொல்லாமல் வருகிற சத்தம் இன்னும் அதிகமாக வலிக்கும்.

ஜூன் 2 பள்ளி திறப்பு. ஐந்தாம் வகுப்புவரை ஒரே அறை, ஒரே டீச்சர். ஆறாம் வகுப்பில் மணி அடிக்க அடிக்க ஆள் மாறும், பாடம் மாறும். பள்ளிக்கூடமே வேறு. அத்தனையையும் அவளுக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

மே 16, வெள்ளி

யாரும் யோசிக்காத ஒன்று, காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. தொடக்கப் பள்ளியில் வரிசையில் உட்கார்ந்து பொங்கலும் உப்புமாவும் சாப்பிடுவதுதான் இவளுக்குப் பள்ளியின் ஆரம்பமே. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். புதுப் பள்ளியில் தட்டைத் தேடுவாள். இன்றிலிருந்து எட்டு மணிக்கு முன் வீட்டிலேயே சாப்பாடு. எழுப்பும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்துகிறோம்.

மே 20, செவ்வாய்

சேர்க்கைக்குப் போனோம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் கூட வந்தார். டி.சி.யோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலையும் கொடுத்தேன். ஹெச்.எம். மேடம் பாப்பாவைப் பார்த்து, “உன் பேர் என்னம்மா?” என்றார். அதே ராகத்தில், “உன் பேர் என்னம்மா” என்றாள் இவள். மேடத்தின் முகம் மாறியது. “கிண்டல் இல்லை மேடம். கேள்வியைத் திருப்பிச் சொல்லித்தான் பதிலைத் தேடுவா, கொஞ்சம் பொறுங்க” என்றேன். பொறுத்தார். பெயர் வந்தது.

பிறகு சடை. எல்லாப் பெண்களும் இரட்டைச் சடை மடித்துப் பின்னி ரிப்பன் கட்ட வேண்டும் என்பது பள்ளியின் விதி. முடியை இழுத்துப் பின்னினால் இவளால் தாங்க முடியாது. நாள் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள், பாடம் எங்கே ஏறும்? தளர்வாக ஒற்றைச் சடை போட்டு அனுப்புகிறேன் என்றேன். “ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்களேம்மா.”

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் கேட்டால் நியாயம் என்று உடனே புரிகிறது, தேவை கண்ணுக்குத் தெரிகிறதே. என் மகளுக்குச் சாய்தளம் இந்த ஒற்றைச் சடைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகை ஊனங்களில் ஆட்டிசமும் ஒன்று. பயிற்றுநர் இதைப் பதமாக எடுத்துச் சொன்னார். மேடம் யோசித்துவிட்டு, “எனக்கும் இது புதுசும்மா. ஒத்தைச் சடையே இருக்கட்டும். டீச்சர்ஸுக்கு என்ன தெரியணுமோ ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க” என்றார். அவர் மேல் மரியாதை வந்தது. ஆனாலும் இதைச் சலுகை என்று யாரும் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மே 22, வியாழன்

அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தேன். நோயின் விளக்கம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஆட்டிசம் நோயும் இல்லை.

“வரைபடம் பார்க்கப் பிடிக்கும், பேருந்து எண்கள் மனப்பாடம். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள். கண்ணைப் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கையை உதறினால் உதறட்டும், அது அவளை அமைதிப்படுத்துகிறது. காதைப் பொத்தினால் வெளியே அழைத்துப் போங்கள். அழுதால் சுற்றி நிற்காதீர்கள், கேட்காமல் தொடாதீர்கள்.”

கணக்கு டீச்சருக்கு, தமிழ் டீச்சருக்கு, சத்துணவு அக்காவுக்கும் ஒன்று.

மே 27, செவ்வாய்

பிள்ளைகள் இல்லாத பள்ளியைச் சுற்றிப் பார்க்க மேடம் அனுமதித்தார். கேட், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, ஆறாம் வகுப்பு அறை என்று எல்லாவற்றையும் படம் எடுத்து ஆல்பமாக ஒட்டியாயிற்று. மணிச் சத்தத்தையும் போனில் பதிந்து வந்தேன். அதைப் போடுவதும் நிறுத்துவதும் அவள் கையில்தான். நான் கூட்டி வைத்துப் பழக்க முயன்றால் அது பயிற்சி ஆகாது, துன்புறுத்தல்.

சிக்கல் கால அட்டவணையில். பள்ளி திறந்து சில நாள் கழித்துத்தான் போடுவார்களாம். தெரியாததை எப்படி முன்கூட்டிச் சொல்வது? பயிற்றுநர் வழி சொன்னார்: கட்டங்களை வரைந்து, தெரியாத இடத்திலெல்லாம் மஞ்சள் அட்டையில் ஒரு கேள்விக்குறி. “இது இன்னும் தெரியாது. தெரிந்ததும் மாற்றுவோம்” என்று தினமும் சொல்லி வருகிறோம். வாழ்க்கைக்கே வேண்டிய பாடம் என்பதால் இதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

மே 31, சனி

சீருடையைப் பல தடவை அலசி மொடமொடப்பைப் போக்கி, கழுத்துப் பட்டியின் லேபிளைப் பிரித்தெடுத்தாயிற்று. மாலையில் அதைப் போட்டுக்கொண்டே டிவி பார்க்கிறாள்.

பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளும் அதே வகுப்பு என்பதால், “இவளையே பாத்துக்கச் சொல்றேன்” என்றார். அன்புதான். ஆனால் ஒரு குழந்தையின் தலையில் இன்னொரு குழந்தையின் பொறுப்பை வைக்கக் கூடாது. சேர்ந்து நடந்து போகட்டும், போதும்.

ஜூன் 2, திங்கள்

இறைவணக்கத்தில் ஒலிபெருக்கி பக்கத்திலேயே. தமிழ்த்தாய் வாழ்த்து பாதியில் காதைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். தமிழ் டீச்சர் வகுப்பறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்திருக்கிறார், தொடவில்லையாம். மதியத்துக்கு மேல் சமாளித்திருக்கிறாள். சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

நாளையிலிருந்து வரிசையின் கடைசியில், ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். அட்டவணையில் இரண்டு கேள்விக்குறிகளை அவளே எடுத்துவிட்டுத் தமிழ், கணக்கு என்று ஒட்டினாள். அறிவியல் டீச்சர் இன்று வரவில்லை. அவருக்கான பக்கம் என் கைப்பையில் இருக்கிறது.