இடுப்பில் கை வைக்கிறவர்கள்

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு நாளைக்கு 300 மரத்துக்குக் குறையாது. மரத்தில் வெட்டு கீழே இறங்க இறங்க ஆளும் கூடவே குனிய வேண்டும். இடுப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? நான் போயிருந்த பிசியோதெரபி நிலையத்தில் காலை முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பால் சேர்த்து, ஷீட் அடித்து, குளித்துவிட்டு ஒவ்வொருவராக வந்தபோது மதியம் தாண்டியிருந்தது.

ஐம்பது தாண்டிய ஒருவர் முதலில் வந்தார். சிகிச்சை செய்கிற பெண் உடனே கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை. "குனிஞ்சு பாருங்க மாமா, விரல் எதுவரைக்கும் போவுது?" முட்டியைத் தொட்டதும் அவர் முகம் சுளித்தது. அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டுதான் குப்புறப் படுக்க வைத்தார். முதுகுத்தண்டின் முள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கீழே வந்து, ஒன்றின்மேல் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, நொடிக்கு இரண்டு மூன்று தரம் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டார். அழுத்தம் விரலிலிருந்து வரவில்லை. முழங்கையை நீட்டிக்கொண்டு தோளை முன்னும் பின்னும் அசைத்தார். விரல் சும்மா கூடவே போனது. இது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ஜெஃப்ரி மெய்ட்லண்டின் முறை. முதுகெலும்பைப் பற்றிய அவர் புத்தகம் 1964இல் வந்தது. வலி கடுமையாக இருந்தால் இறுக்கம் தட்டுப்படும் முன்பே கையை நிறுத்திக்கொள்ளும் முதல் இரண்டு படி. வலியைவிட விறைப்பு மேலோங்கினால் இறுக்கத்துக்குள்ளேயே போகிற மூன்றாம், நான்காம் படி.

ஒரு நிமிடம் கழித்து மறுபடி எழுப்பி, "இப்பக் குனிங்க." நாலு விரல் கீழே போனது.

அடுத்து வந்த பெண்ணுக்கு உட்கார்ந்து குனிந்தால்தான் வலி. அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, தன் இடுப்பையும் அவர் இடுப்பையும் ஒரே பெல்ட்டால் சுற்றி, உள்ளங்கையின் ஓரத்தால் முள்ளெலும்பை மேல்நோக்கித் தள்ளியபடியே குனியச் சொன்னார். நியூசிலாந்துக்காரர் பிரையன் மல்லிகன் வகுத்தது இது. செய்யும்போது கொஞ்சமும் வலிக்கக்கூடாது. வலித்தால் கையின் கோணத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது. வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் வைத்தியம் என்று நம்புகிற ஊர் நம்முடையது.

கால்வரை வலி இறங்கிய ஓர் இளைஞனுக்கு அவர் கையே வைக்கவில்லை. குப்புறப் படுத்து, இடுப்பைத் தூக்காமல், கையை ஊன்றி மார்பை மட்டும் பத்துத் தரம் உயர்த்தச் சொன்னார். காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறினால் நல்ல அறிகுறி, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் சரி. இதற்கு வழி காட்டியவரும் ஒரு நியூசிலாந்துக்காரர், ராபின் மெக்கென்சி. 1956இல் தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் ஒரு நோயாளி தெரியாமல் குப்புறப் படுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பதறினாராம். வாரக்கணக்கில் இருந்த கால்வலி குறைந்துவிட்டதென்று நோயாளி சொல்லியிருக்கிறார்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து 'டக்'கென்று புரட்டுகிற முறையைத்தான் பலரும் கேட்டு வருகிறார்களாம், அந்தச் சத்தத்துக்காகவே. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தமல்ல அது. மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி உண்டாகும் ஓசை. சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் பலனில் பெரிய வித்தியாசமில்லை.

இவற்றில் எது உசத்தி? ஆய்வுகளைப் படித்தால் இந்த முறைக்காரர்களுக்குள் நடக்கிற சண்டைக்கு அவ்வளவு நியாயம் இல்லை. எந்த முள்ளெலும்பு இறுகியிருக்கிறது என்பதில் அனுபவசாலிகள் இருவர் கைகூட ஒத்துப்போவதில்லை. 2003இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சிகிச்சையாளர் தேர்ந்தெடுத்த முறைக்கும் சீட்டுக் குலுக்கியதுபோல் எடுத்த முறைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் கைச் சிகிச்சையையும் மசாஜையும் ஏற்கிறது; இழுவைச் சிகிச்சையையும் இடுப்பு பெல்ட்டையும் வேண்டாம் என்கிறது. பெயரைவிட அந்த "இப்பக் குனிங்க"வைத்தான் நான் நம்புகிறேன். அழுத்திய பிறகு சோதித்துப் பார்க்காத கை எந்த நாட்டு முறையைச் செய்தாலும் எனக்குச் சந்தேகம்தான். சிறுநீர் போவது தெரியவில்லை, தொடையிடுக்கு மரத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பெண் அவரைக் கட்டிலைத் தொடவே விடமாட்டார். நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

அதே சாலையில் ஒரு வர்ம ஆசானும் இருக்கிறார். உடம்பின் 108 வர்மப் புள்ளிகளில், அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டையும் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே காயத்திருமேனி எண்ணெயைச் சூடாக்கினார். அவர் தடவுவது முக்கால் மணி நேரம். பிசியோதெரபியில் கை படுவது பத்து நிமிடம். அந்த நேரத்துக்கே ஒரு குணம் இருக்கத்தான் செய்கிறது. பிரச்சினை பத்தியத்தில். ஏழு நாள் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்கிறார் ஆசான். முடிந்த அளவு நடமாடிக்கொண்டே இருங்கள் என்கிறார் பிசியோதெரபிக்காரர். கூலிக்குப் பால் வெட்டுகிறவருக்கு ஏழு நாள் என்பது ஏழு நாள் சம்பளம். பாதிப் பேர் எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டு, பத்தியத்தை ஆசான் காதுக்கு எட்டாமல் முறித்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண் வலது கட்டைவிரலில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் சீக்கிரம் தேய்கிற மூட்டுகளில் ஒன்று அது. அதனால் இப்போது பாதி வேலையை உள்ளங்கையின் அடிமேட்டால் செய்கிறாராம். "உங்களுக்கு இடுப்பு வலிச்சா?" என்று கேட்டேன்.

"ஆசான்கிட்டதான் போவேன்," என்றார். "அங்க கண்ண மூடிப் படுத்துக் கிடக்கலாம். ஆனா பத்தியமெல்லாம் இருக்கமாட்டேன்."