நிலமில்லாதவர்க்கு ஒரு விளைச்சல்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையில் தக்கலையைக் கடந்ததும் நாட்டின் தோற்றம் மாறிவிடுகிறது. நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள் பின்தங்கிப்போக, செம்மண் மேடுகளும் தென்னந்தோப்புகளும் மரச்சீனித் தோட்டங்களும் நம்மை எதிர்கொள்கின்றன. மேலும் சில கல் தொலைவு சென்றால் மார்த்தாண்டம். கடைவீதியின் மேலே நெடிய மேம்பாலம். கீழே எந்நேரமும் ஓயாத சந்தடி. ஆனால் நாம் காண வந்த தொழிலுக்குச் சந்தடி கிடையாது. வடக்கே அருமனை, குலசேகரம் செல்லும் சாலைகளில் திரும்பினால், வீட்டு முற்றத்திலும் வாழைத் தோட்டத்து வரப்பிலும் கால்நாட்டி வைத்த சிறு மரப்பெட்டிகள் தென்படும். தேனீப் பெட்டிகள்தாம் அவை.

இந்தக் குன்றுகளில் மக்கள் மிகுதி. ஆளுக்கு வாய்த்த நிலமோ சில சென்ட். பலருக்கு அதுவும் இல்லை. அத்தகையோர்க்கு வேளாண்மை என்பது பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பதுதான். தேனீயோ எல்லைக்கல் அறியாதது. கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் யாருடைய தென்னை பூத்தாலும், யாருடைய புளி பூத்தாலும், அங்கே சென்று இனிப்பைக் கொண்டுவருகிறது. மரத்துக்கு உரியவருக்கும் நட்டமில்லை. மகரந்தம் பரவுவதால் ஆதாயமே. ஒரு பெட்டி வைக்கும் இடமிருந்தால் நிலமற்றவரும் இங்கே விளைவிப்பவராகிறார்.

பெட்டியின் வரலாறும் அறியத்தக்கது. நம் நாட்டுத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்றவாறு 1910-களில் ஒரு பெட்டியை அமைத்துத் தென்னாட்டு மக்களுக்குப் பயிற்சியும் அளித்தவர் நியூட்டன் அடிகளார். கீழே புழு வளரும் அறை, மேலே தேன் சேரும் அறை, இரண்டிலும் கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள்: இவ்வளவே. இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. அதற்கு முன் தேன் எடுப்பதென்றால் அடையை அறுத்துப் பிழிவது. தேனோடு புழுவும் நசுங்கும், குடும்பமும் அழியும். இப்போது சட்டத்தை உருவி, சுழற்றும் கருவியிலிட்டுத் தேனை வடித்துவிட்டு, வெறும் அடையைத் திரும்ப மாட்டிவிடலாம்.

மார்த்தாண்டத்தில் இத்தொழில் ஊன்றியது 1920-களில். அப்போது இவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தின் சார்பில் இங்கே கிராமச் சீரமைப்பு நிலையம் நடத்திய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்களைத் தேடினார். கோழி வளர்ப்பு, பனைவெல்லம் ஆகியவற்றுடன் தேனீயும் சேர்ந்தது. விளைவிக்கக் கற்பித்தால் மட்டும் போதாது, விற்கவும் கற்பிக்க வேண்டும் என்பது அந்நிலையத்தார் கண்ட உண்மை. நம் மதிப்பில், பெட்டியைக் காட்டிலும் பெரிய கண்டுபிடிப்பு இதுவே.

ஏன் என்பதை இவ்வூரில் ஒருவர் நமக்கு விளக்கினார். நாற்பது பெட்டிகள் வைத்திருப்பவர்; சொந்த நிலம், வீடு நிற்கும் இடம் மட்டுமே. “ரப்பர் தேனில் தண்ணி கூடுதல் சார். காய்ச்சிப் பக்குவப்படுத்தாமல் வைத்தால் புளித்துப்போகும். தனி ஆளாகக் கொண்டுபோனால் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்கள். திருப்பிக் கொண்டுவந்து எங்கே வைக்க?” என்றார்.

ரப்பர் தேன் என்றதும் நாம் சற்று வியந்தோம். மாரிக்குப்பின் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதிதாகத் தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் மூவிலையும் கூடுமிடத்தில் இனிய நீர் சுரக்கிறது. பூவிலிருந்தல்ல, தளிரிலிருந்து வரும் தேன் இது! சில வாரங்களுக்குள் பெருமளவில் வந்து குவியும் இத்தேனை வடித்து, ஈரம் குறைத்து, தரம் பார்த்துப் புட்டியில் அடைக்கும் இயந்திரத்தைத் தனிக்குடும்பம் ஒன்று வாங்க இயலுமோ? பலர் சேர்ந்தால் இயலும். 1937-இல் தொடங்கிய மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பொருள் அதுதான். பத்துப் பெட்டிக்காரரின் தேனும் நூறு பெட்டிக்காரரின் தேனும் ஒரே தராசில் ஏறுகின்றன. இன்று தனியார் பலரும் தேன் வாங்குகிறார்கள். ஆயினும் வேறொரு வாசல் திறந்திருக்கிறது என்ற எண்ணமே வளர்ப்பவருக்குப் பேரம்பேசும் துணிவைத் தருகிறது.

எல்லாம் இனிமையாகவே நடந்துவிடவில்லை. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னகத்தைத் தாக்கியது. புழுக்கள் நீர் கோத்த பைபோலாகி மடிந்தன. தென்னாட்டுத் தேனீக் குடும்பங்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. பெட்டிகள் விறகாயின. தப்பிப் பிழைத்த சில கூடுகளைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியே இத்தொழில் மீண்டது.

இன்றைய இடர் வேறு. அது சர்க்கரைப் பாகு. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 நிறுவனத் தேன்களில் 10 நுண்சோதனையில் தேறவில்லை. கலப்புத் தேன் மலிவாகக் கிடைக்கும்போது, மெய்த்தேனை விளைவித்தவர் அதனோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெயரைக் காக்கும். விலையைக் காப்பது வாங்குவோர் கையில் உள்ளது.

வாங்குவோரும் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். ரப்பர் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. புட்டியின் அடியில் மணல்போல் படிந்ததும் ‘சர்க்கரை கலந்துவிட்டார்கள்’ என்று நம்மில் பலர் முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் அது தேனிலேயே உள்ள குளுக்கோஸ். வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் இளகிவிடும். மாறாக, உறையாமல் இருப்பதும் தூய்மைக்குச் சான்றாகாது. மழைக்காலப் பஞ்சத்தில் வளர்ப்பவர்கள் தேனீக்களுக்குச் சர்க்கரைக் கரைசல் வைப்பதைக் கண்டும் ஐயுற வேண்டியதில்லை. பூவற்ற நாள்களில் குடும்பம் பட்டினியால் கூட்டைவிட்டு ஓடிவிடாதிருக்க இடும் உணவு அது. அப்போது தேன் எடுப்பது கிடையாது. எடுப்பவர் தொழில் அறம் தவறியவர்.

ரப்பர் தளிர்க்கும் பருவம் நெருங்கினால் பெட்டிகள் பயணப்படும். அந்தி சாய்ந்து தேனீக்கள் யாவும் கூடடைந்தபின் வாயிலை அடைத்து, பெட்டிகளைக் கயிற்றால் இறுகக் கட்டி, வண்டியேற்றி மலையடிவாரத் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கொண்டுசெல்கிறார்கள். விடியுமுன் இறக்கிவிட வேண்டும்; தாமதித்தால் வெப்பத்தில் அடை உருகிவிடும். அந்த ஓரிரவுப் பயணத்தில் வண்டிக்காரரும் உறங்குவதில்லை, பெட்டிக்காரரும் உறங்குவதில்லை.