தண்ணீர் குறைந்தால் கீரைக்கு என்ன ஆகும்?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை நிலத்தில் இருக்கிறது குருக்கள்மடம். இங்குள்ள மணல் நிலம் நீரைப் பிடித்து வைக்காது. மழையின் பெரும்பங்கு வாடைக்காற்றுக் காலத்தில், ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை கிடைத்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கீரைப் பாத்திகள் கிணற்று நீரை நம்பியே நிற்கும்.

நீர் குறையும்போது முதலில் நிற்பது இலையின் விரிவு. உயிரணுக்கள் நீரழுத்தத்தால்தான் விரிகின்றன. அது குறைந்தால் இலை சிறுத்துத் தடிக்கும். அடுத்து இலைத்துளைகள் மூடி, உணவு தயாரிப்பு மந்தமாகும். தண்டில் நாரேறும். முளைக்கீரை இளமையிலேயே பூக்கத் தொடங்கும். அதன்பின் இலை முற்றிச் சுவை குன்றும்.

எல்லாக் கீரையும் ஒன்றல்ல. முளைக்கீரை வெப்பத்தையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். மிதமான நீர்க்குறைவில் அதன் விற்றமின் சி, கரோட்டின் செறிவு கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் விளைச்சல் குறையும். ஈரநிலத் தாவரங்களான கங்குனும் வல்லாரையும் விரைவில் வாடும்.

வாவியோரத்தில் உவர்ப்பும் சேர்கிறது. கோடையில் கிணற்று நீரில் உப்பு ஏறினால், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. இலை ஓரம் கருகும்.

மணலில் ஒரேயடியாக நிறைய ஊற்றினால் நீர் வேருக்குக் கீழே இறங்கிவிடும். காலையும் மாலையும் சிறிது சிறிதாகப் பூவாளியால் விடுவது பலன் தரும். மக்கிய சாணமும் வைக்கோல் மூடாக்கும் ஈரத்தைக் காக்கும். அதிகாலையில் பறித்த கீரை நீர் நிறைந்திருப்பதால் நெடுநேரம் வாடாது.