சாமைக் கொல்லையும் சபை மன்றாட்டும்

அப்பாவுக்கு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வாத்தியார் வேலை. நாங்கள் ஜவ்வாது மலைக்குக் குடிபோன புதிதில் ஞாயிறு பூசை ஓர் ஓட்டுக் கொட்டகையில்தான் நடந்தது. வேலூர் மறைமாவட்டம் 1952இலேயே உருவாகியிருந்தாலும் மலைக்குள்ளிருந்த ஊர்களுக்குச் சாமியார் வந்து சேர்வது லேசான காரியமில்லை. மழை பிடித்துக்கொண்டால் காலைப் பூசை உச்சி வெயிலுக்குப் போய்விடும்.

எனக்குப் பீடச்சிறுவன் வேலை. மணியடிப்பதற்குத்தான் பையன்களிடையே போட்டி. பூசைப் புத்தகம் பிடிக்கச் சொன்னால் ஆளாளுக்கு நழுவுவார்கள், அவ்வளவு கனம். வானவர் கீதம் முடிந்ததும் சாமியார் முன்னால் போய், சிவப்பு அட்டைப் புத்தகத்தை விரித்து நெஞ்சில் சாய்த்து நிற்க வேண்டும். 'மன்றாடுவோமாக' என்பார். உடனே வாசிக்க மாட்டார். கைகளைக் குவித்துக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கோ கை கடுக்கும். பக்கத்தைத் தொலைத்துவிட்டாரோ என்று ஒருமுறை எட்டிக்கூடப் பார்த்தேன்.

அந்த இடைவெளியில் எல்லாரும் வாயை மூடியிருக்க, பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியின் குரல் மட்டும் எழும்பும். மலையாளிப் பழங்குடிப் பாட்டி. ஞானஸ்நானம் வாங்கியவளா என்று யாரும் கேட்டதில்லை. "சாமி, சாமக் கொல்லைல பன்னி எறங்காம பாத்துக்கோ. மருமவளுக்குக் காச்சல் வுடல, அதையும் பாரு." உபதேசியார் திரும்பி முறைப்பார். அவர் லத்தீன் பூசை பார்த்து வளர்ந்தவர்; அந்நாளில் குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி எதையோ சொல்ல, ஜனங்கள் தம் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்களாம். சாமியாரோ பாட்டி முடிக்கும்வரை கண்ணைத் திறக்க மாட்டார். பிறகுதான் கைகளை விரித்து, அந்த ஞாயிறுக்குரிய சபை மன்றாட்டைத் தந்தையாகிய கடவுளை விளித்து, கிறிஸ்து வழியாக என்று முடிப்பார். நாங்கள் 'ஆமென்' போடுவோம். எண்ணிப் பார்த்தால் நாலைந்து வரிதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டு, அதன்பின் பூசை தமிழுக்கு வந்ததெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. அந்த மௌனத்தில் அவரவர் தம் விண்ணப்பத்தை மனத்துக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே சொல்கிறது; குரு அவற்றைத் திரட்டி ஒரே மன்றாட்டாக ஒப்புக்கொடுப்பார். அந்த நூல் தெரியாமலே பாட்டி அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள், சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். இப்போது நகரத்துக் கோவில்களில் 'மன்றாடுவோமாக' சொன்ன வாயோடு அடுத்த வார்த்தை வந்துவிடுகிறது. கொல்லை வைத்திருப்பவன் எங்கே போய்ச் சொல்வான்?

ஒருநாள் பூசை முடிந்ததும் பாட்டி நேராகச் சாமியாரிடம் வந்தாள்.

"இம்மா நேரம் படிச்சியே சாமி, பன்னியப் பத்தி ஒண்ணுமே வரலியே?"

"நீதான் முன்னாடியே சொல்லிட்டியே ஆயா. எல்லாத்தையும் சேத்துத்தான் நான் படிச்சது. கடைசில ஆமென் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப பன்னியும் அதுல வந்தாச்சு."

பாட்டி யோசித்தாள். "சரி. பலாவுக்குக் கரடி வருது. அத அடுத்த வாரம் சொல்லிக்கறேன்."