கால் அம்பியர்

வெலிமடைக் கடைத்தெருவில் ஒருவனைக் கள்ளன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எங்கள் பெட்டரிக் கடைப் பொடியனுக்கு அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில். பழைய பெட்டரியைப் புதுசு என்று விற்கிறான் என்றார் ஊரில் மரியாதையுள்ள ஒரு நானா. பொடியன் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன்.

கோபத்துக்குக் காரணம் நானாவின் வாப்பா வைத்துவிட்டுப் போன கார். 1960களின் எம்.ஜி. மிட்ஜெட், இரண்டே இருக்கை. தோட்டத்துத் துரைமாருக்கு இப்படிப்பட்ட கார்களில் ஒரு மோகம் இருந்தது. நுவரெலியா மஹகஸ்தொட்டையில் 1934இலேயே மலையேற்றப் பந்தயம் தொடங்கிவிட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபின் துரைமார் போனார்கள், கார்கள் இங்கேயே கைமாறின. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார் வைத்திருந்தவர்களின் பிடி இன்னும் இறுகியது.

நானா அதை வெள்ளிக்கிழமை மட்டும்தான் எடுப்பார். ஒரு வருடத்துக்குள் மூன்று பெட்டரி. விலையை நான் சொல்லத் தேவையில்லை.

"என்ன ஏமாத்திட்டான் மாஸ்டர்."

"கொஞ்சம் பொறுங்க நானா, அளந்து பார்ப்போம்."

பிள்ளைகளுக்குப் பாடம் காட்ட வாங்கிய மல்டிமீட்டர் என்னிடம் இருந்தது. பெட்டரியை நன்றாகச் சார்ஜ் பண்ணி, சாவியை எடுத்து, எல்லா விளக்கும் அணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேன். எதிர்முனை வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 அம்பியரில் வைத்தேன். இந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, மீட்டர் போய்விடும். இன்றைய கார்களில் கணினியும் கடிகாரமும் விழித்திருப்பதால் 0.05 அம்பியர் வரை ஓடுவது சாதாரணம். கணினியும் இல்லாத, கடிகாரமும் இல்லாத இந்தக் காரில் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டியது 0.25.

நானாவுக்கு அது ஒரு கணக்காகவே படவில்லை. "இவ்வளவுதானா?" என்றார். வெள்ளிக்கு வெள்ளி 168 மணித்தியாலம். கால் அம்பியரால் பெருக்கினால் 42. பெட்டரியின் கொள்ளளவு 45. அப்படியென்றால் ஒவ்வொரு வாரமும் அது ஏறத்தாழ அடிவரை வற்றியிருக்கிறது. ஈயப் பெட்டரி அடிக்கடி அப்படி வற்றினால் தகடுகளில் சல்பேட் இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பிடிக்காது. எங்கள் ஊர் ஜனவரிக் குளிர் வேறு. மூன்று பெட்டரியையும் கொன்றது கடையல்ல, கார்.

எந்த வயர் என்பது அடுத்த கேள்வி. பியூஸ் இரண்டுதான். இரண்டையும் கழற்றினேன், முள் அசையவில்லை. இந்தக் கார்களில் சார்ஜ் ஏற்றும் வழிக்குப் பியூஸே கிடையாது. அந்த லூக்காஸ் வயர்கள் மண்ணிறம். அதைப் பிடித்துக்கொண்டே போனால், பழைய டைனமோ இருக்க வேண்டிய இடத்தில் ஜப்பான் வாகனமொன்றின் அல்டர்னேட்டர்! முன்பு யாரோ ஒரு பாஸ் மாற்றியிருக்கிறார். வேலை மோசமில்லை. 1967க்கு முந்திய மிட்ஜெட்டில் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும், அதையும் சரியாகத் திருப்பியிருந்தார். ஆனால் டைனமோவில் திரும்பி ஓடும் மின்சாரத்தைத் தடுப்பது கட்-அவுட், அல்டர்னேட்டரில் அந்த வேலை டயோட்டுகளுடையது. டயோட் பழுதானால் இரவு முழுக்கக் கசியும், வெளியே ஒன்றும் தெரியாது.

அல்டர்னேட்டரின் பின்னாலிருந்த தடித்த வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டினேன். 0.00.

நானா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டயோட் தட்டை மாற்ற ஆன செலவு ஒரு பெட்டரியின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை. பொடியனின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னது தெருவில் அல்லவா நானா, என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை என்னோடு பேச்சுமில்லை.

மூன்றாவது வெள்ளி, ஜும்ஆ முடிந்ததும் கார் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. நேரே கடை வாசலுக்கு ஓட்டிப்போய், ஆட்கள் நிற்கும்போதே பொடியனின் கையைப் பிடித்து மாப்புக் கேட்டார். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல், "பெட்டரிக்குத் தண்ணி பார்க்கவா நானா?" என்று மூடியைத் திறக்க ஆரம்பித்தான்.