ஒரு துடிப்பின் அளவு

செங்கமாரி கண்டு மூன்று வாரம் வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக் கட்டிலே கதியெனக் கிடந்தேன். “எழும்பாதை, படு” என்பதே அவர் தந்த மருந்து. நோய் நீங்கிக் கொட்டாஞ்சேனையிலுள்ள என் நான்காம் மாடி அறைக்குத் திரும்பிய அன்று, இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே மூச்சிரைத்து அமர்ந்துவிட்டேன். அவ்வேளை, கீழ்க்கடைக்கு மூடை சுமக்கும் நாட்டாமை ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மேல்மாடிக் களஞ்சியத்துக்கு அரிசி மூடையொன்றை முதுகிலேற்றியபடி என்னைக் கடந்து சென்றார். திரும்பி வருகையில், “என்ன தம்பி, மூச்சு வாங்குதா? மெதுவா ஏறுங்க” என்றார்.

எனக்கு வயது இருபத்தாறு. வெட்கத்தோடு நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 150ஐக் கடந்திருந்தது. என் இதயம் சோம்பியிருக்கவில்லை. பின்னர் ஏன் அது போதவில்லை?

இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதி, துடிப்புகளின் தொகையை ஒரு துடிப்பு தள்ளும் அளவாற் பெருக்க வருவது. ஓய்விலே அது பெரும்பாலார்க்கும் ஏறக்குறைய 5 லீற்றர்தான். கடும் முயற்சியிலேயே வேற்றுமை புலனாகும். உச்சத் துடிப்பு வேகத்தைப் பெரிதும் வயதே தீர்மானிக்கிறது. பயிற்சி அதனை உயர்த்துவதில்லை. இருபது வயதினர் இருவருக்கும் அது 200ஐ அண்மித்ததே. ஆயினும் பயிலாதவன் ஒரு துடிப்பில் 100 மில்லிலீற்றர் தள்ள, தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரன் 180 வரை தள்ளுகிறான். 20 லீற்றர் எங்கே, 35 லீற்றர் எங்கே! பயின்ற இதயத்தின் இடது அறை கூடுதலாக விரிந்து நிரம்புகிறது. உடலிலுள்ள குருதியின் கனவளவும் மிகுகிறது. படுக்கையில் விரைந்து குறைவது அக்குருதியே.

1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில், நோயற்ற இளைஞர் ஐவரை மூன்று வாரம் கட்டிலிற் கிடத்தி ஆராய்ந்தனர். உச்சத் துடிப்பு வேகம் ஏறக்குறைய மாறவில்லை. இதயம் தள்ளிய குருதியோ நாலிலொரு பங்கு குறைந்தது. எட்டு வாரப் பயிற்சி இழந்ததை மீட்டுத் தந்தது. அதே ஐவரை முப்பது ஆண்டுகளின் பின் மீளச் சோதித்தபோது, அத்தனை ஆண்டு முதுமையும் அவர்தம் உழைக்கும் ஆற்றலை அம்மூன்று வாரம் கெடுத்த அளவுக்குக் கெடுத்திருக்கவில்லை. இதனை அக்காவிடம் கூறினேன், அவர் நம்பவில்லை.

மாலைதோறும் வெள்ளவத்தைக் கடலோரமாகப் பம்பலப்பிட்டி வரை விரைந்து நடக்கலானேன். எட்டாம் வாரம் அதே திருப்பத்தில் நாடி 118. அதை நாட்டாமையாரிடம் சொல்ல விரும்பினேன். அவர் நான்கு நாளாகக் காய்ச்சலில் வரவில்லை என்றார் கடைக்காரர். ஐந்தாம் நாள் மூடையோடு ஏறி வந்தவர், முதன்முறையாக அத்திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். இன்னுஞ் சில நாள் ஓய்ந்திருக்கலாமே என்றேன்.

“படுத்தா யாரு தம்பி கூலி குடுப்பா?”

மூடையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மேலும் இரண்டு மாடி இருந்தது.