ஒற்றை எண்ணும் சாய்ந்த மலையும்

எதனையும் ஓர் எண்ணால் அளந்து முடித்துவிடும் விருப்பம் மனிதரிடம் ஆழ வேரூன்றியது. நுவரெலியாத் தோட்டங்கள் பலவற்றில், கொழுந்து பறிப்பவளுக்கு முழுப்பேர் விழுவதற்கு இத்தனை கிலோ என்பது கணக்கு. குறைந்தால் அரைப்பேர். மட்டமான மலையில் நிற்பவளுக்கும் கால் வழுக்கும் சரிவில் நிற்பவளுக்கும் தராசு ஒன்றே. மலையின் சாய்வு ஏட்டில் ஏறுவதில்லை.

ஒளியியலிலும் இதனையொத்த குறை ஒன்று உண்டு. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி, மில்லிமீற்றர் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான நுண்கோடுகள் இடப்பட்ட தளமாகும். எந்த நிறம் எத்திசையிற் செல்லும் என்பதை எளிய சமன்பாடொன்று கூறிவிடும். 1821இல் பிரவுன்ஹோபர் கீற்றணியால் அலைநீளங்களை அளந்ததும் அத்தொடர்பைக் கொண்டே. ஆயின் அத்திசையில் எவ்வளவு ஒளி செல்லும் என்பதை அது கூறாது. அப்பங்கே வினைத்திறன் எனப்படும்.

ஒளிக்கருவிகளைக் கணினியில் அமைத்துப் பார்க்கும் மென்பொருளில், வினைத்திறனை நூற்றுக்கு எழுபது என ஒரே எண்ணாக இட்டுவிடலாம். கணினி மறுப்புரைக்காது, எக்கோணத்தில் வரும் கதிருக்கும் அதனையே வழங்கும். விடை நேர்த்தியாகவும் இருக்கும். கருவியை அமைத்த பின்னரே முரண்பாடு புலப்படும்.

மில்லிமீற்றருக்கு 600 கோடுகள் கொண்ட கீற்றணியில் 500 நனோமீற்றர் ஒளி செங்குத்தாக விழுவதாகக் கொள்வோம். மூன்றாம் வரிசைக் கதிர் ஏறத்தாழ 64 பாகையில் வெளிவரும். படுகோணத்தை 5.7 பாகையாக்கினால் ஒருபக்கத்து மூன்றாம் வரிசை தளத்தைத் தழுவிச் செல்லும். இன்னுஞ் சிறிது சாய்த்தால் மறைந்தே போகும். அது சுமந்த ஆற்றல் ஏனைய வரிசைகளுக்குப் பங்கிடப்படும்.

1902இல் வுட் என்னும் அமெரிக்க அறிஞர், சோடியத்தின் இரு மஞ்சட் கோடுகளுக்கு இடைப்பட்ட சிறு எல்லைக்குள், ஏறத்தாழ 0.6 நனோமீற்றருக்குள், நிறமாலை திடீரென மங்குவதைக் கண்டு வியந்தார். ஒரு வரிசை தளத்தைத் தழுவும் நிலையோடு இது தொடர்புடையது என 1907இல் ராலே விளக்கினார். 1981இல் மொகாரமும் கேலோர்டும் வெளியிட்ட முறை, மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் கீற்றணியின் படலங்களூடாகத் தீர்த்து, ஒவ்வொரு வரிசையின் பங்கையும் தருகின்றது.

ஆதலின் தக்க வழி யாதெனில், அலைநீளம், முனைவாக்கம், படுகோணம் ஆகியவற்றுக்கேற்ப வினைத்திறனைக் கணித்து, அவ்வட்டவணையை மென்பொருளுக்கு அளிப்பதாகும். கதிர்கள் தளத்தைத் தழுவும் கோணங்களினருகே கணிப்புப் படிகள் நெருக்கமாதல் வேண்டும். ஒளியை உறிஞ்சாத பொருளாயின், எல்லா வரிசைகளினதும் கூட்டுத்தொகை ஒன்றாதல் வேண்டும். ஆகாவிடின் கணிப்பிற் பிழையுண்டு.

கீற்றணிக்குக் கோணந்தோறும் ஒரு மதிப்பு எழுத அறிஞர் இத்துணை உழைத்துள்ளனர். சரிவுதோறும் ஓர் அளவு எழுதுவதற்கு இவ்வளவு கணிதம் வேண்டுவதில்லை. சாய்வும் ஓர் அளவே என ஒப்புக்கொள்ளும் மனம் போதும்.